நீலத் துணியும் இரண்டு பக்கக் கணக்கும்

நகரியில் நூலும் லுங்கியும் விற்பது எனக்கு நாற்பது வருடத் தொழில். விசைத்தறிச் சத்தம் காதில் விழாமல் இந்த ஊரில் பொழுது விடியாது. படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றுபோனது. மற்றதெல்லாம் கடையில் ஆள் வராத மத்தியான வேளைகளில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே எழுத்துக்கூட்டிப் படித்ததுதான். அன்பர்கள் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் சங்க மலர்களில் தமிழர் வாணிபப் பெருமை பேசாத ஆண்டு குறைவு. நானே இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறேன். ரோமாபுரி வரும், சாவகம் வரும், சீனம் வரும். ஆப்பிரிக்கா மட்டும் வராது. அந்தக் கண்டத்துக்கு நம் துணி எவ்வளவு போனது, அங்கே என்ன வேலை செய்தது என்பதைக் கசுவோ கோபயாஷி என்ற ஜப்பானிய ஆய்வாளர் 2019-இல் வெளியிட்ட ஆங்கில நூலில்தான் நான் முதலில் விரிவாகக் கண்டேன். மேற்கு ஆப்பிரிக்காவில் இந்தியப் பருத்தித் துணிகள் என்பது பொருள். 1750 முதல் 1850 வரை காலம். துணிக்காரன் என்ற முறையில் இதைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது.

நூலின் உயிர்நாடி செனகல் நாட்டுச் செய்தி. புதுச்சேரி வட்டாரத்தில் நெய்து, அவுரிச் சாயம் ஏற்றிய நீலத் துணிக்கு பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் கினே. அது பிரான்சுக்குப் போய், அங்கிருந்து செனகல் ஆற்றுக்குப் போகும். ஆற்றின் வடகரையில் திரார்சா, பிராக்னா என்று மூர்களின் அமீரகங்கள். அவர்கள் துணியை வாங்கிக்கொண்டு வேலம்பிசின் கொடுப்பார்கள். நம் பக்கத்துக் கருவேலம்பிசினுக்கு அது உறவுதான். கினே அங்கே உடுக்கிற துணி மட்டுமல்ல, பணமும் அதுவே. இவ்வளவு பிசினுக்கு இத்தனை பீஸ் என்று பேசினார்கள்.

ரூவான் நகரத்தார் போலி நெய்து அனுப்பிப் பார்த்தார்கள். செல்லவில்லை. மூர் வியாபாரி துணியைத் தொட்டுப் பார்ப்பான், மோந்து பார்ப்பான், இது இந்தியத் துணி இல்லை என்று தள்ளிவிடுவான். இந்த இடம் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் பாவில் கஞ்சி சரியா, சாயம் பிடித்ததா என்று பீஸை மூக்கருகே கொண்டுபோகிறவன் நானும்தான். கடைசியில் 1843-இல் பிரெஞ்சு அரசே ஆணை போட்டு, கினேவின் அளவையும் எடையையும் சோதித்து முத்திரை குத்தச் செய்தது. வாங்குகிறவன் ஏமாளி, பாசிமணிக்கு மயங்கினான் என்று சின்ன வயதில் நாம் படித்த பாடத்தைக் கோபயாஷி அடித்து நொறுக்குகிறார். ஆப்பிரிக்க வாடிக்கையாளரின் விருப்பம் புதுச்சேரித் தறியை ஆட்டியது என்பது அவர் கட்சி. ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பிசின் போன இடத்தையும் பாருங்கள். ஐரோப்பாவில் துணிக்கு அச்சடிக்கும் சாயம் பரவாமல் கெட்டியாக்க அது வேண்டும். நம் நீலத் துணியைக் கொடுத்து வாங்கிய பிசின், ஐரோப்பியர் அச்சுத் துணிக்கு உதவியது. அந்த அச்சுத் துணி பிற்பாடு நம் தறிக்கே போட்டியாக வந்து இறங்கியது. எனக்கு இது இரண்டு நாள் தூக்கம் கெடுத்த செய்தி.

என் வருத்தம் இனிமேல்தான் இருக்கிறது. ஆப்பிரிக்கர் தம் விருப்பப்படி செயல்பட்டார்கள் என்பதை நூலாசிரியர் தலைப்பிலேயே முழங்குகிறார். எந்த ஆப்பிரிக்கர்? துணியை மோந்து பார்த்தவர் ஒருவர். அந்தத் துணிக்கு விலையாகக் கொடுக்கப்பட்டவர் வேறொருவர். இருவரையும் ஒரே சொல்லுக்குள் போட்டுக் கட்டினால் கணக்கு சரியாகுமா? பிசின் வியாபாரம் அடிமை வியாபாரத்தைவிட மேல் என்று தோன்றும். ஆனால் முள்மரங்களில் அந்தப் பிசினைச் சேகரித்தவர்களில் பெரும்பாலோர் மூர்களின் அடிமைகளே.

அட்லாண்டிக் கடல் வழியாகக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். அதில் 18 லட்சம் பேர் போல உயிரோடு கரை சேரவில்லை. அவர்களை வாங்கப் போன இங்கிலீஷ் கப்பல்களின் சரக்கில் இந்தியத் துணி முக்கியமானது. 1700-இல் இங்கிலாந்து பார்லிமெண்ட் இந்திய அச்சுத் துணியை உள்நாட்டில் உடுத்தக் கூடாது என்று சட்டம் செய்தது. வெளிநாட்டுக்கு மறுபடி அனுப்ப மட்டும் தடையில்லை. தன் வீட்டுக்கு வேண்டாத துணி, ஆள் வாங்க மட்டும் உதவியது.

நாங்கள் சமணர். இல்லறத்தார்க்கு ஆகாத தொழில்கள் பதினைந்து என்று பெரியவர்கள் எண்ணிச் சொல்வார்கள். உயிர்களை, அதாவது ஆளையும் மாட்டையும், விற்பது அதில் ஒன்று. துணி விற்பது அந்தப் பட்டியலில் கிடையாது. ஆனால் ஆளை வாங்குகிறவனுக்கென்றே அளவெடுத்து நெய்த துணியை எந்தப் பக்கம் சேர்ப்பது? நம் வியாபாரிகளுக்கு ஒன்றும் தெரியாது என்று தப்பித்துக்கொள்ள முடியாது. துணி மார்சேய் போகிறதா, மேற்கே போகிறதா என்பது தெரியாமல் இருந்திருக்கலாம். அடிமை என்றால் என்ன என்பது தெரியும். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில், 1743-இல் புதுச்சேரியிலேயே ஏழை மக்களை ஏமாற்றிப் பிடித்துக் கப்பலேற்றிய கதையை எழுதியிருக்கிறார். துணி ஒப்பந்தங்களும் அதே நாட்குறிப்பில்தான் இருக்கின்றன.

நெய்தவன் கதைக்குக் கோபயாஷியை விட்டு, பிரசன்னன் பார்த்தசாரதி 2001-இல் எழுதிய நூலுக்குப் போக வேண்டும். நெசவாளர், வணிகர், அரசர் மூவரையும் வைத்து 1720 முதல் 1800 வரை தென்னாட்டை அளக்கிறார். அவர் காட்டும் ஒரு விஷயம் வியாபாரிக்கு உறைக்கும். பழைய நாளில் முன்பணம் வாங்கிய நெசவாளி, மனம் மாறினால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். வணிகன்தான் பேச்சை மாற்ற முடியாது. கும்பெனி ஆட்சி வந்ததும் இது தலைகீழானது. வாங்கிய முன்பணம் காலில் விழுந்த சங்கிலி ஆயிற்று. சேவகன் வீட்டு வாசலில் நின்றான். நானும் தறிக்காரர்களுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறவன். பேரேட்டில் அது ஒரு வரி. எதிரே உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர் முகம் அந்த வரியில் வராது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

கயானாவில் பிறந்த வால்டர் ராட்னி 1972-இல் எழுதிய நூலில், இறக்குமதித் துணி ஆப்பிரிக்காவின் சொந்த நெசவை நசுக்கியது, லாபம் அரசர்களுக்கும் தரகர்களுக்கும் போனது என்று சினந்து எழுதினார். எல்லா ஊருக்கும் அது பொருந்தாது; ஆப்பிரிக்காவின் பல இடங்களில் உள்ளூர்த் தறி நின்றுவிடவில்லை. ஆனாலும் அவருடைய சினம் கோபயாஷியிடம் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்றே படுகிறது.

அரசர்கள் கதையும் ரொம்ப நாள் ஓடவில்லை. செனகல் ஆற்றின் வாயில் வாலோ என்றொரு சிறு அரசு. ஆற்றில் போகும் பிரெஞ்சு வணிகர் அதன் அரசருக்கும், அக்கரை அமீர்களுக்கும் ஆண்டுதோறும் மாமூல் கட்ட வேண்டும். அதில் கினேயும் சேரும். 1854-இல் ஆளுநராக வந்த ஃபேடெர்ப் அந்த மாமூலை ஒழிக்கவே முனைந்தார். 1855-இல் அரசி எந்தாத்தே யல்லாவின் படை தோற்றது, வாலோ பிரான்சோடு சேர்க்கப்பட்டது. வாடிக்கையாளர் சொல்லுக்குத் தறி ஆடிய காலத்திலேயே அவர் காலடி மண் போகத் தொடங்கிவிட்டது. கோபயாஷி 1850-இல் நிறுத்திக்கொண்டதால் இது அவர் நூலின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. இன்னும் ஐந்து வருடம் நடந்திருக்கலாம்.

படிக்க விரும்பும் இளைஞர்கள் பார்த்தசாரதியை முதலில் எடுங்கள், கோபயாஷியை அப்புறம். இரண்டும் கடையில் என்னிடம் இருக்கின்றன. ஓரத்தில் பென்சிலால் நிறையக் கிறுக்கியிருப்பேன். ஒரு மாதத்தில் திருப்பித் தந்தால் போதும்.