அடுக்களை வாசலில் ஒரு பட்டதாரி: டு பாய்ஸின் சிறுகதை ஒன்றை முன்வைத்து

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்குச் சொந்த ஊர் திரும்புவது பற்றிய பேச்சு எப்போதும் தித்திப்பானது. சங்கத்தில் நாலு பேர் கூடினால் போதும். ரிடையர் ஆனதும் ஊரோடு போய்விட வேண்டும், பையனுக்கு அங்கேயே ஒரு வேலை பார்க்க வேண்டும் என்று பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிடும். படித்துவிட்டுத் திரும்புகிறவனை ஊர் எப்படி ஏற்கும், என்ன நிபந்தனையோடு வேலை கொடுக்கும் என்பதை மட்டும் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்தக் கேள்வியை நேருக்கு நேர் நின்று கேட்ட கதை ஒன்று 1903இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதை எழுதியவர் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். கதையின் பெயர் 'ஆஃப் தி கமிங் ஆஃப் ஜான்'; தமிழில் 'ஜானின் வருகை பற்றி' எனலாம். அக்கதையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆசிரியரும் நூலும்

டு பாய்ஸ் 1868இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரேட் பாரிங்டன் என்னும் சிற்றூரில் பிறந்தவர். ஃபிஸ்க் பல்கலைக்கழகத்திலும் ஹார்வர்டிலும் பெர்லினிலும் பயின்றவர். 1895இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் இவரே. இவ்வளவு படித்தவருக்கு வேலை எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். 1894இல் ஜெர்மனியிலிருந்து திரும்பியதும் கறுப்பினக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் மேல் விண்ணப்பமாக எழுதினார். வில்பர்ஃபோர்ஸ் கல்லூரியில் லத்தீனும் கிரேக்கமும் கற்பிக்கும் வேலை கிடைத்தது. பிறகு 1896இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் ஃபிலடெல்ஃபியாவின் கறுப்பின மக்களைப் பற்றி ஆராய அவரை அமர்த்தியது. ஆய்வு செய்யலாம், ஆனால் மாணவர்களுக்கு வகுப்பெடுக்க முடியாது. அவ்வளவுதான் இடம்.

'தி சோல்ஸ் ஆஃப் பிளாக் ஃபோக்' என்னும் அவரது புகழ்பெற்ற நூலில் 14 இயல்கள் உள்ளன. பெரும்பாலானவை வரலாறும் சமூகவியலும் நினைவுக்குறிப்பும் கலந்த கட்டுரைகள். 13ஆம் இயல் மட்டும் சிறுகதை. புள்ளிவிவரம் தெரிந்த ஒரு சமூகவியலாளர், கட்டுரையில் சொல்ல முடியாத எதையோ சொல்லத்தான் கதைக்கு வந்திருக்கிறார் என்று கொள்ளத் தோன்றுகிறது.

இரண்டு ஜான்கள்

கதை நடப்பது ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்டமஹா என்னும் தெற்கத்தி ஊரில். ஜான் ஜோன்ஸ் என்ற கறுப்பினப் பையன் வெளியூருக்குப் படிக்கப் போகிறான். படிச்சா பயல் கெட்டுப்போவான் என்கிறார்கள் வெள்ளைக்காரர்கள். கறுப்பின மக்களோ ஏழு வருடமும் அவன் வரவுக்காகக் காத்திருக்கிறார்கள். ஜான் வந்தால் கோயிலில் பேசுவான், புதுப் பள்ளிக்கூடம் வரும், அவனே வாத்தியாராக இருப்பான், ஒரு கல்யாணம்கூட நடக்கலாம் என்று அவர்கள் ஆசை நீள்கிறது. அதே ஊரில் நீதிபதி ஹெண்டர்சனின் மகனுக்கும் ஜான் என்றே பெயர். சின்ன வயதில் இருவரும் சேர்ந்து விளையாடியவர்கள். அவன் பிரின்ஸ்டனில் படிக்கிறான். வெள்ளையர் ஒரு ஜானையும் கறுப்பர் ஒரு ஜானையும் எதிர்பார்த்திருக்க, அடுத்தவர் வீட்டு எதிர்பார்ப்பை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இதை டு பாய்ஸ் சத்தமே இல்லாமல் சொல்லிச் செல்கிறார்.

ஊர் திரும்புமுன் ஜான் நியூயார்க்கில் ஒரு இசையரங்குக்குள் நுழைகிறான். ஐந்து டாலர் கொடுத்துச் சீட்டு வாங்கி வாக்னரின் 'லோஹெங்ரின்' கேட்டு மெய்ம்மறந்து உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெண். அவளுடன் வந்தவன் செய்த புகாரின்பேரில் அரங்க ஊழியர் வந்து ஜானை நயமாக வெளியே அழைக்கிறார். புகார் செய்தவன் யாரென்றால் அந்த இன்னொரு ஜான். இருவரும் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். சீட்டுப் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்கிறார்கள். வடக்கே போனால் நிறம் மறையும் என்ற நம்பிக்கை அங்கே உடைகிறது. ஊருக்கே போய் உபயோகமாக இருப்போம் என்று முடிவெடுத்து ஜான் கிளம்புகிறான்.

இரண்டு வாசல்கள்

ஊருக்குள் நுழைய அவன் இரண்டு வாசல்களைக் கடக்க வேண்டியிருக்கிறது. முதலாவது தன் சொந்த ஜனங்களின் வாசல். தேவாலயத்தில் நடந்த வரவேற்புக் கூட்டத்தில் ஜான் பேசுகிறான்: பாப்டிஸ்டா மெதடிஸ்டா என்ற சண்டையை விடுங்கள், தொழிற்பள்ளி வேண்டும், ஒற்றுமை வேண்டும் என்கிறான். பேச்சில் தப்பு ஒன்றுமில்லை. ஆனாலும் சபை உறைந்துபோகிறது. முதியவர் ஒருவர் எழுந்து அவனைக் கடுமையாகக் கண்டிக்கிறார். அவன் சரியான விஷயத்தைச் சொன்னான். அவர்கள் கேட்டதோ தங்கள் பக்தியை எள்ளும் குரலை. படித்து வந்தவன் தன் மக்களோடு பேசும் மொழியை இழந்துவிடுகிற இந்த அவலத்தை டு பாய்ஸ் ஒளிக்கவில்லை. கறுப்பின மக்களுக்காகவே எழுதிய நூலில் கறுப்பின நாயகனின் குறையையும் எழுதியது அவருடைய நேர்மை.

இரண்டாவது வாசல் நீதிபதியுடையது. கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளியில் ஆசிரியர் வேலை கேட்டு ஜான் போகிறான். பழக்கம் மறந்தவனாய் முன்வாசலுக்குப் போய்விடுகிறான். அடுக்களை வாசலுக்குப் போய்க் காத்திரு என்று நீதிபதி விரட்டுகிறார். கல்லூரிப் பட்டதாரி ஒருவன் அடுக்களைப் படியில் உட்கார்ந்து, ஊருக்கு வந்ததிலிருந்து எங்கே கால் வைத்தாலும் பிசகுகிறதே என்று யோசிக்கிறான். உள்ளே அழைக்கப்பட்ட பிறகும் உட்காரச் சொல்வதில்லை. நீதிபதி நேராக விஷயத்துக்கு வருகிறார். உங்கள் ஜனங்களுக்கு நான் நண்பன்தான், ஆனால் கறுப்பன் கீழ்ப்படிந்தே இருக்க வேண்டும், வெள்ளையனுக்குச் சமமாக ஒருநாளும் ஆக முடியாது என்கிறார். உன் அப்பன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும், நீ அவனைப்போல் இருப்பாயா, இல்லை சமத்துவம் அது இதுவென்று பிள்ளைகள் தலையில் ஏற்றுவாயா என்பதுதான் கேள்வி. நிலைமையை ஏற்றுக்கொள்வதாக ஜான் சுருக்கமாகப் பதில் சொல்கிறான். சரி, கொஞ்ச நாள் வைத்துப் பார்க்கலாம் என்று வேலை கிடைக்கிறது.

இக்கதையைப் படிப்பவர்கள் மனத்தில் நிற்பது பெரும்பாலும் முடிவில் வரும் கொலையும் குதிரைமீது வரும் கும்பலும்தான். என் வாசிப்பில் கதையின் உயிர்நிலை சில நிமிடங்களே நடக்கும் இந்த நேர்காணலில் இருக்கிறது. கறுப்பன் என்பதால் ஜானுக்கு வேலை மறுக்கப்படவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். வேலை கிடைக்கிறது. படிப்பு அவனை எதுவாக ஆக்கியதோ அதை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வா என்பது அதற்கு விலை. நீதிபதி அவன் சான்றிதழைப் பார்க்கவில்லை, என்ன பாடம் எடுப்பாய் என்று கேட்கவில்லை. அவனுடைய குனிவை மட்டும் அளந்து பார்க்கிறார். இன ஆதிக்கம் கதவை அடைப்பதோடு நிற்பதில்லை. கதவைப் பாதி திறந்து வைத்து, நுழைகிறவனைத் தலை தாழ்த்தவும் வைக்கும். கட்டுரைகளின் நடுவே கதையாகச் சொல்ல வேண்டி வந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

டு பாய்ஸுக்கு இது கேள்விப்பட்ட சங்கதியல்ல. மாணவராக இருந்தபோது கோடை விடுமுறையில் டென்னஸி கிராமங்களில் ஆசிரியர் வேலை தேடி நடந்ததை இதே நூலின் 4ஆம் இயலில் எழுதியிருக்கிறார். பள்ளி அதிகாரியின் வீட்டுக்கு, வெள்ளையர் பள்ளியில் வேலை கேட்டு வந்த ஒரு வெள்ளை இளைஞரும் அவரும் சேர்ந்தே போகிறார்கள். இருவருக்கும் வேலை கிடைக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அதிகாரி இருவரையும் உபசரிக்கிறார். ஆனால் முதலில் வெள்ளையர் சாப்பிடுகிறார்கள். பிறகு டு பாய்ஸ் தனியாகச் சாப்பிடுகிறார். வேலையும் கொடுத்து, சோறும் போட்டு, இடத்தையும் காட்டியாயிற்று. கதையிலுள்ள அடுக்களை வாசல் இந்த அனுபவத்தின் நீட்சியே.

வேலை காத்திருக்கும் மகன்

மற்ற ஜானும் ஊர் திரும்புகிறான். வெள்ளையர் தெருவே மகிழ்கிறது. மகன் மேயராக வேண்டும், சட்டமன்றம் போக வேண்டும், ஏன், கவர்னராகக்கூட வரலாம் என்று நீதிபதி கனவு காண்கிறார். மகனுக்கோ அந்த ஊரே பிடிக்கவில்லை. கேட்காமலே பதவி காத்திருப்பவன் சலிப்போடு சுற்றுகிறான். ஒரு ஓட்டைப் பள்ளிக்கூடத்துக்காக மற்றவன் கைகட்டி நிற்கிறான். அப்பா மகன் பேச்சு நடக்கிற இடத்திலேயே தபால் நிலையத்துக்காரர், பள்ளியில் ஜான் பிரெஞ்சுப் புரட்சி, சமத்துவம் என்று ஏதேதோ சொல்லித்தருவதாகக் கோள்மூட்டுகிறார். நீதிபதி பள்ளிக்கே போய் அதை இழுத்து மூடுகிறார்.

வேலை இழந்து வீடு திரும்பும் வழியில், தன் தங்கை ஜென்னியை வெள்ளை ஜான் பலவந்தம் செய்வதைக் காண்கிறான். கீழே கிடந்த மரக்கிளையால் அவனை அடித்துக் கொல்கிறான். பிறகு கடலைப் பார்த்தபடி 'லோஹெங்ரின்' மணப்பெண் பாட்டை முணுமுணுத்து நிற்க, கும்பல் வருகிறது. அவன் வந்தால் கல்யாணம் நடக்கும் என்று ஊர் ஆசைப்பட்டதல்லவா? கதையில் ஒலிக்கும் கல்யாணப் பாட்டு இது ஒன்றுதான்.

இக்கதைக்குக் குறைகளும் உண்டு. இரண்டு ஜான்களின் பாதைகள் நியூயார்க்கிலும் ஊரிலும் இவ்வளவு சரியாக வெட்டிக்கொள்வது கொஞ்சம் நாடகத்தனம். அதைவிடப் பெரிய குறை ஜென்னி. படித்தால் எல்லோரும் இப்படித்தான் வருத்தப்படுவார்களா என்று அண்ணனைக் கேட்டுவிட்டு, அந்த வருத்தம் தனக்கும் வேண்டும் என்கிறாள் அவள். கதையிலேயே சிறந்த பேச்சு அதுதான். நீதிபதி வீட்டில் வேலைக்காரியாக இருப்பவளும் அவளே. படிப்பு, வேலை, இனம் மூன்றும் அவள் தலைமேல்தான் ஒன்றாக விழுகின்றன. ஆனாலும் அண்ணன் கையை ஓங்குவதற்கான காரணமாக அவளை நிறுத்திவிட்டு ஆசிரியர் நகர்ந்துவிடுகிறார். பிறகு அவள் கதி என்ன, எங்கே வேலைக்குப் போனாள் என்பதைக் கதை கேட்கவில்லை. நாம் கேட்க வேண்டும்.

கதைக்கு வெளியே

இது கற்பனையின் மிகை என்று எண்ணுபவர்களுக்கு ஒரு தகவல். இரண்டாம் உலகப்போர் முடிந்து கறுப்பினப் படைவீரர்கள் ஊர் திரும்பினார்கள். திரும்பும் வீரர்களுக்குப் படிப்பும் வேலையும் தர 1944இல் சட்டமே இயற்றப்பட்டிருந்தது. மிசிசிப்பி மாநிலத்தில் 1946 அக்டோபர் வரை அரசு வேலைவாய்ப்பு அலுவலகம் விவசாயமல்லாத வேலைகளில் ஆள் அமர்த்திய கணக்கைப் பார்த்தால், திறன் சார்ந்த வேலைகளில் 86 விழுக்காடு வெள்ளையருக்குப் போயிருக்கிறது. திறன் தேவைப்படாத கூலி வேலைகளில் 92 விழுக்காடு கறுப்பருக்கு. ராணுவத்தில் லாரி ஓட்டியவனும் ரேடியோ பழுதுபார்த்தவனும் ஊருக்கு வந்தபின் அப்பன் பார்த்த வேலைக்கே போக வேண்டியிருந்தது. நீதிபதி ஹெண்டர்சன் கேட்ட அதே கேள்வியை அலுவலகமும் கேட்டிருக்கிறது.

நம் நாட்டு வரலாற்றில் இக்கதைக்கு இணையான நிஜம் ஒன்று உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் படித்த அம்பேத்கர், கல்வி உதவிக்கான ஒப்பந்தப்படி 1917இல் பரோடா அரசில் பணியில் சேர வந்தார். வேலை தயார், தங்க இடம் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பொய்ப்பெயரில் தங்கினார். 11ஆம் நாள் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பியதை 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற நினைவுக்குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். அங்கே இனம், இங்கே சாதி, இரண்டும் ஒன்றல்ல. ஆனால் வெளிநாட்டுப் பட்டத்தை ஒரு நொடியில் செல்லாக்காசாக்கும் வித்தை இரண்டுக்கும் தெரிந்திருக்கிறது. 1946இல் அம்பேத்கரும் டு பாய்ஸும் கடிதம் எழுதிக்கொண்டது தற்செயல் அல்ல. ஐக்கிய நாடுகள் அவையிடம் கறுப்பின மக்கள் அளித்த மனு பற்றி அம்பேத்கர் கேட்டிருந்தார். டு பாய்ஸ் பதில் எழுதினார்.

அதெல்லாம் பழைய கதை என்றும் தள்ளிவிட முடியாது. பாஸ்டனிலும் சிகாகோவிலும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள் பெர்ட்ராண்ட், முல்லைநாதன் என்ற இரு பொருளியலாளர்கள். 2004இல் வெளியான அந்த ஆய்வில், வெள்ளையர் பெயருக்குக் கறுப்பர் பெயரைவிட 50 விழுக்காடு அதிக அழைப்பு வந்தது தெரியவந்தது. நம் நாட்டில் தோரட், அட்டவெல் இருவரும் இதே முறையில் நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்பு குறைவாகவே வந்தது. முன்வாசல், அடுக்களை வாசல் என்ற பிரிவு இப்போது விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே, பெயரிலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

இந்தக் கதையைப் படிக்கும்போது நாம் இயல்பாக ஜானின் பக்கம் போய் நின்றுகொள்கிறோம். வெளிமாநிலத்தில் நாமும் மதராஸி என்று ஒதுக்கப்பட்டவர்கள்தானே என்ற உணர்வு நமக்குண்டு, அது பொய்யுமல்ல. ஆனால் இரண்டு மூன்று தலைமுறையில் நம்மில் பலர் மேஜைக்கு அந்தப் பக்கம் போய்விட்டோம். கடை வைத்திருக்கிறோம், ஆபீஸ் நடத்துகிறோம், ஊரிலிருந்து வேலை கேட்டு வரும் பையனை நேர்காணல் செய்கிறோம். எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார் என்ற கேள்விகள் நம் வாயிலும் சரளமாகவே வருகின்றன. அவற்றுள் எது அவன் வேலையை அறியக் கேட்பது, எது அவன் இடத்தை அறியக் கேட்பது என்று பிரித்துப் பார்க்க டு பாய்ஸின் கதை நமக்கு உதவும். இன்று அக்கதையை நாம் வாசிக்க வேண்டியதற்கு இதுவே போதிய காரணம்.