மலை மேல் ஒரு பாட்டி

ஏற்காடு என்றதும் நம் கதாசிரியர்களுக்கு ஏரியும் படகும்தான் ஞாபகம் வருகின்றன. ஏரிக்கரையில் ஒரு காதல் ஜோடியை நடக்க விட்டு, மூடுபனியைக் கொஞ்சம் தூவி, அத்தியாயத்தை முடித்துவிடுகிறோம். காப்பித் தோட்டத் துரைகள் வருவதற்கு வெகு காலம் முன்பே சேர்வராயன் மலையில் மனிதர்கள் இருந்தார்கள் என்பது நம் கதைகளில் தெரிவதே இல்லை. மலையாளிகள் என்று அவர்களுக்குப் பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று சகோதரர்களில் மூத்தவன் சேர்வராயன் மலைக்கும், நடுவுள்ளவன் பச்சைமலைக்கும், இளையவன் கொல்லிமலைக்கும் போய்ச் சேர்ந்தார்கள் என்று அவர்களே சொல்லிக்கொள்ளும் கதை ஒன்று உண்டு.

மூத்தவன் மலைக்குக் கிறிஸ்தவம் கன்னிமாடமாகவும் பெரிய பள்ளிக்கூடமாகவும் வந்தது. மான்ட்போர்ட் பள்ளி 1917-ல் தொடங்கியது. அதன் பெயரும் புகழும் ஊரறிந்தவை. இளையவன் மலைக்கு வந்ததோ, ஒரு கட்டிட வேலைக்காரரும் ஓவியம் கற்ற அவர் மனைவியும். ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற அந்த ஆங்கிலத் தம்பதியில் மனைவியைப் பற்றி டாரதி கிளார்க் வில்சன் எழுதிய ஆங்கில நூல் 1976-ல் வெளிவந்தது. ‘பிராண்ட் பாட்டி’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். வில்சன் அமெரிக்க நாவலாசிரியை. வேலூர் ஐடா ஸ்கடரைப் பற்றி 1959-லும், இந்தப் பாட்டியின் மகன் டாக்டர் பால் பிராண்டைப் பற்றி 1965-லும் எழுதியவர். நாவலாசிரியை எழுதிய சரிதை என்பதால், நாவல் வாசகர்கள் அதை நாவலுக்குரிய கண்டிப்போடு பார்ப்பதில் தவறில்லை.

லட்சிய வாழ்க்கைகளைச் சொல்லும் புஸ்தகங்களுக்கெல்லாம் பொதுவான ஒரு குறை உண்டு. ஆசிரியருக்கு முடிவு தெரிந்துவிடுகிறது. அந்த முடிவிலிருந்து பின்னோக்கி வந்து, ஒவ்வொரு சம்பவத்தையும் அதற்குப் படிக்கல்லாக அடுக்கிவிடுகிறார். மதப் புஸ்தகங்களில் இது இரட்டிப்பு. அடுக்குகிற வேலையைக் கடவுளே செய்துவிட்டதாக ஆகிவிடுகிறது. வாழ்ந்தவர்களுக்கு முடிவு தெரியாது. தெரியாமல் வாழ்ந்தார்கள் என்பதுதான் அவர்களிடம் சுவாரஸ்யமான விஷயம்.

ஜெஸ்ஸி 1907-ல் இந்தியா வந்தார். 1913-ல் கல்யாணம். அந்தக் காலத்தில் கொல்லிமலை என்றால் கீழ்நாட்டாருக்கு மலைக் காய்ச்சல் பயம். இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிற மலையில், அவர்கள் நடந்தும் டோலியிலும் ஏறினார்கள். பல வருஷங்கள் பிரசங்கம் செய்தும் மலையில் யாரும் மதம் மாறவில்லை. பூசாரி எதிர்த்தார். எதிர்க்காமல் என்ன செய்வார்? காணிக்கை போனால் அவர் பிழைப்புப் போயிற்று.

1918, 1919-ம் வருஷங்களின் விஷ ஜுரம் மலைக்கும் வந்தது. பூசாரி படுத்தார். சொந்த ஜனங்கள் கிட்டே வரப் பயந்தார்கள். கஞ்சி கொண்டு போனவர்கள் பிராண்ட் தம்பதிதான். சாகுமுன் பூசாரி தம் பெண் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டார். அவளுக்கு ரூத் என்று பெயர் வைத்து வளர்த்தார்கள். அதன் பிறகே மற்றவர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள்.

இந்தச் சம்பவத்தை மிஷன் புஸ்தகங்கள் ஒரு வெற்றியாகச் சொல்கின்றன. எனக்கு அது அப்படிப் படவில்லை. பூசாரி எந்தத் தத்துவ விசாரத்திலும் தோற்கவில்லை. தாம் போன பிறகு தம் குழந்தைக்குக் கஞ்சி ஊற்றுவது யார் என்ற ஒரே கேள்வியை அவர் கேட்டுக்கொண்டார். அதற்கு விடை அவர் எதிரியாக நினைத்தவரின் வீட்டில் இருந்தது. தம் தெய்வத்தையும், குலத்தையும், இத்தனை வருஷத்து விரோதத்தையும் ஒரு தட்டிலும், அந்தக் குழந்தையை மறு தட்டிலும் வைத்து அவர் பார்த்த அந்த இரவு ஒரு முழு நாவலுக்குப் போதும். ஆனால் அது பூசாரியின் நாவல். துரைசானியின் சரிதையில் அவர் இரண்டு பக்கத்துக்கு வந்து, செத்து, கதையை நகர்த்திவிட்டுப் போகிறவர்தான்.

இதே கேள்வியை மறுபக்கத்திலிருந்தும் கேட்க வேண்டும். பிறர் குழந்தையை ஏற்றுக்கொண்டவர்கள் தங்கள் குழந்தையை 1923-ல் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டார்கள். பாலுக்கு அப்போது 9 வயது. தகப்பனாரை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. 1929 ஜூனில் ஜெஸ்ஸி இறந்தார். மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்து ஆளைக் கொல்லும் கருநீர்க் காய்ச்சல். வயது 44. தந்தி முதலில் போய்ச் சேர்ந்தது. மலையையும் மரங்களையும் பற்றித் தகப்பனார் எழுதியிருந்த கடிதம், கப்பல் தபாலில், பிறகுதான் பிள்ளையின் கைக்கு வந்தது. அப்புறம் ஊருக்கு வந்த தாயைப் பார்த்தபோது, இந்தக் கூனிப்போன கிழவியா நம் அம்மா என்று தாம் திகைத்துப் போனதைப் பால் பிற்காலத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அவளோ கொஞ்ச நாளில் மலைக்கே திரும்பிவிட்டாள்.

லட்சியத்துக்குக் கொடுத்த விலையில் ஒரு பங்கை ஒரு சிறுவன் கட்டியிருக்கிறான். அவனை யாரும் கேட்கவில்லை. பக்தி நூல்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகின்றன. பிள்ளை பிற்பாடு பெரிய டாக்டராகிவிட்டானே, எல்லாம் சரியாகிவிட்டதே என்பது அவற்றின் கணக்கு. அவன் சாதாரணமான ஒரு குமாஸ்தாவாகி, அம்மாவை மன்னிக்காமலே இருந்திருந்தால்? ஈவ்லினின் வாழ்க்கை அப்போதும் இதே வாழ்க்கைதான். அந்த மாதிரி ஒரு சரிதையை எழுதத் துணிகிறவரைத்தான் நான் கலைஞர் என்பேன்.

பால் டாக்டரானார் என்பது உண்மை. அதற்கு முன் தகப்பனாரைப் போலக் கட்டிட வேலையும் தச்சு வேலையும் கற்றார். 1946-ல் வேலூர் வந்து, தொழு நோயாளிகளின் மடங்கிய விரல்களைச் சஸ்திர சிகிச்சையால் நிமிர்த்தினார். விரல்களை நோய் தின்பதில்லை. வலி தெரியாததால் சுட்டும் அடிபட்டும் தேய்ந்து போகின்றன என்று கண்டு சொன்னவர் அவர். ஆனால் கொல்லிமலையில் அவர் தகப்பனார் செய்த ஒரு சின்னக் காரியம் இதைவிட என் மனசில் நிற்கிறது. ஜனங்கள் கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்ததால் நரம்புச் சிலந்தி பரவியது. காலில் பொத்துக்கொண்டு வரும் புழுவை ஜெஸ்ஸி அங்குலம் அங்குலமாக உருவி எடுத்ததோடு நிற்காமல், கிணற்றில் யாரும் கால் வைக்காதபடி கல் சுவர் எழுப்பினார். சுவர் எழுப்பினவரின் மதம் தண்ணீர் மொண்டவளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

ஈவ்லினுக்கு 70 வயது நெருங்கியபோது மிஷன் ஓய்வு கொடுத்தது. அவள் மிஷன் வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றாள், மலையிலிருந்து அல்ல. சொந்தமாக ஒரு குடிசை போட்டுக்கொண்டு அக்கம் பக்கத்து மலைகளுக்கும் போக ஆரம்பித்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தாள், மலைக் குதிரையில் ஏறினாள், விழுந்தாள், மறுபடி ஏறினாள். கடைசிக் காலத்தில் 20 வருஷம் அவள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை என்று மகன் எழுதியிருக்கிறார். அடக்கம் என்று இதைச் சொல்லிவிடலாம். எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. ஓவியம் கற்றவள், மலைகளை வரைந்தவள். எதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பட்டியலில் தன் முகம் இல்லை, அவ்வளவுதான். பிடிவாதக்காரி, கூட இருப்பவர்களுக்குச் சுலபமான மனுஷியாக இருந்திருக்க மாட்டாள். பாட்டியைச் சர்க்கரைப் பாகில் தோய்த்துக் கொடுப்பவர்கள் அந்தப் பிடிவாதத்தின் ருசியைக் கெடுத்துவிடுகிறார்கள்.

1974 டிசம்பரில், 95-வது வயதில் இறந்தாள். அவள் கேட்டுக்கொண்டபடியே ஒரு பருத்தித் துணியில் சுற்றி, கொல்லிமலையில் கணவர் பக்கத்தில் புதைத்தார்கள்.

வில்சனின் நூலைத் தமிழில் கொண்டு வரலாம். வாசகர்கள் ஆவலோடு படிப்பார்கள். மொழிபெயர்ப்பவர் ஒரு தடவை மலைக்குப் போய், மலையாளிகளின் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு வந்தால் நல்லது. ஆங்கிலத்தில் பேசிப் பேசி அந்தப் பூசாரிக்கு இத்தனை வருஷமாக வாய் வலித்திருக்கும்.