ரெக்கார்டில் ஏறாத 76 சண்டைகள்

1949 ஜூலை 18. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் குத்துச்சண்டை வீரர் ராக்கி மார்சியானோவை எதிர்த்து ரிங்கில் ஏறினார் ஹாரி ஹாஃப்ட். மூன்றாவது சுற்றில் நாக்-அவுட். மார்சியானோ பிற்பாடு 49 மோதல்களிலும் தோல்வியே காணாமல் ஓய்வு பெற்றார். ஹாஃப்ட்டுக்கு அதுவே கடைசி மோதல். அவருடைய ரெக்கார்டு: 21 மோதல், 13 வெற்றி, 8 தோல்வி. சுமாரான வீரர் என்று கடந்துவிடலாம்.

அதில் சேராத சண்டைகள் 76!

போலந்து யூதரான ஹாஃப்ட், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் கிளையாக இருந்த யாவோர்ஸ்னோ நிலக்கரிச் சுரங்க முகாமில் அடைபட்டவர். எஸ்.எஸ். அதிகாரிகளின் பொழுதுபோக்குக்காகச் சக கைதிகளுடன் மோதவிடப்பட்டார். முறையான பயிற்சி கிடையாது. தோற்றவர் பெரும்பாலும் உயிரோடு மிஞ்சியதில்லை. 76 என்பதும் ஹாஃப்ட் நினைவிலிருந்து சொன்ன கணக்குதான். அங்கே யார் ஸ்கோர் கார்டு எழுதினார்கள்?

இந்த வாழ்க்கையைத்தான் பேரி லெவின்சன் 2021-ல் ‘தி சர்வைவர்’ படமாக எடுத்தார். ஹாஃப்ட்டாக நடித்த பென் ஃபாஸ்டர் முகாம் காட்சிகளுக்காகச் சுமார் 28 கிலோ குறைத்தார். மார்சியானோ மோதலுக்கு மறுபடி உடம்பேற்றினார். கறுப்பு வெள்ளையில் வரும் முகாம் சண்டைகளில் விலா எலும்பு துருத்தி நிற்கிறது. அந்த உடம்பிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு குத்துக்கும் அவர் கொடுக்கும் விலை நமக்குத் தெரிகிறது. மார்சியானோவின் பயிற்சியாளரான சார்லி கோல்ட்மேன், தானும் யூதர் என்பதால் ஹாஃப்ட்டுக்கு ரகசியமாக நுணுக்கம் சொல்லித்தரும் காட்சியில் டேனி டிவிட்டோ அசத்துகிறார்.

குறையும் உண்டு. காலம் முன்னும் பின்னுமாகத் தாவுவதால், சூடு பிடிக்கும் மோதல்கள் பாதியில் அறுபடுகின்றன.

இதே களத்தில் 1989-லேயே இறங்கிய படம் ‘டிரையம்ஃப் ஆஃப் தி ஸ்பிரிட்’. கிரேக்க யூதக் குத்துச்சண்டை வீரர் சலாமோ அரூச்சாக வில்லெம் டஃபோ நடித்தார். ஆஷ்விட்ஸ் வளாகத்திலேயே படப்பிடிப்பு, அரூச்சே ஆலோசகர். களத்தின் நம்பகத்தன்மையில் அந்தப் படம் ஒரு படி மேல். ஆனால் அதன் ஓட்டம் முகாமோடு நின்றுவிடுகிறது.

லெவின்சன் படமோ 1963 வரை ஹாஃப்ட்டைப் பின்தொடர்கிறது. தோற்ற வீரர் குடும்பத் தலைவராகிறார்; முகாம் மட்டும் அவரை விட்டபாடில்லை. பிழைத்தவர் அதற்குப் பிறகு எப்படி வாழ்ந்தார் என்று கேட்ட அந்த ஒரு காரணத்துக்காகவே, பாயிண்ட்ஸில் ‘தி சர்வைவர்’ முந்துகிறது.