நினைவகமே முதற்கேள்வி: முப்பரிமாண ரெண்டரிங்குக்கு ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ 16 ஜிபி

என்விடியா நிறுவனம் 2023 மே மாதத்தில் ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ என்னும் கிராபிக்ஸ் அட்டையை 8 ஜிபி நினைவகத்துடன் 399 டாலருக்கு வெளியிட்டது. இரண்டு மாதங்களில் அதையே 16 ஜிபி நினைவகத்துடன் 499 டாலருக்குக் கொண்டுவந்தபோது, கணினி விளையாட்டுகளை ஓட்டிப் பார்த்து மதிப்பிடும் விமர்சகர்களில் பலர், கூடுதலாக 100 டாலர் கொடுத்தும் பெரும்பாலான விளையாட்டுகளில் வேகம் கூடவில்லை என்று கூறி அந்த அட்டையை ஒதுக்கினர். விளையாட்டைப் பொறுத்தவரை அதைத் தவறென்று சொல்வதற்கில்லை; இரண்டிலும் இருப்பது ஒரே சிப், கணக்கிடும் அலகுகளான ஒரே 4352 குடா கோர்கள், நினைவகத்துக்கும் சிப்புக்கும் இடையே நொடிக்கு 288 ஜிபி என்னும் ஒரே பாய்வு. ஆனால் முப்பரிமாணக் காட்சிகளை ரெண்டர் செய்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர் பார்க்கும்போது, இதே அட்டையின் மதிப்பு ஏறக்குறைய தலைகீழாகிவிடுகிறது.

அதன் காரணம் ரெண்டரிங்கின் இயல்பிலேயே இருக்கிறது. முப்பரிமாண மென்பொருளில் அமைத்த உருவங்கள், பரப்புகள், விளக்குகள் ஆகியவற்றிலிருந்து ஒளியின் போக்கைக் கணக்கிட்டு ஒரு படத்தை உண்டாக்குவதே ரெண்டரிங். 1986இல் ஜேம்ஸ் கஜியா முன்வைத்த சமன்பாட்டின் வழிவந்த ‘பாத் டிரேசிங்’ முறையில், படத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எண்ணற்ற கதிர்கள் காட்சிக்குள் அனுப்பப்பட்டு, அவை எங்கெங்கு மோதி எப்படித் திரும்புகின்றன என்பது மாதிரிகளாகத் தொகுக்கப்படுகிறது. மாதிரிகள் குறைந்தால் படத்தில் மணல் தூவியதுபோன்ற இரைச்சல் தங்கிவிடும்; அதைப் பாதியாக்க மாதிரிகளை நான்கு மடங்காக்க வேண்டும். நொடிக்கு 24 சட்டகங்கள் கொண்ட 30 நொடிக் காட்சிக்கு 720 படங்கள் தேவை. ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம் பிடித்தால் மொத்தம் 60 மணி நேரம். இருமடங்கு வேகமுள்ள அட்டை அதை 30 மணி நேரமாகக் குறைக்கும் என்பதால் வேகத்தின் அருமையை மறுக்க முடியாது. எனினும் அந்தக் கணக்கெல்லாம் காட்சி முழுவதும் அட்டையின் நினைவகத்துக்குள் அடங்கும்போது மட்டுமே செல்லும்.

நினைவகத்தைப் பெருமளவில் விழுங்குபவை டெக்ஸ்சர்கள், அதாவது சுவர், மரம், துணி போன்ற பரப்புகளின் மேல் போர்த்தப்படும் படங்கள். பக்கத்துக்கு 8192 புள்ளிகள் கொண்ட ஒரு ‘8கே’ வண்ணப் படம், ஜேபெக் கோப்பாக வட்டில் இருக்கும்போது சில பத்து எம்பிக்குள் அடங்கிவிடக்கூடும். ஆனால் ரெண்டர் செய்ய அது சுருக்கம் நீக்கப்பட்டு விரியும்போது, புள்ளிக்கு நான்கு பைட் வீதம் 256 எம்பி இடத்தைப் பிடிக்கிறது. நிறத்துக்கு ஒன்று, மேடுபள்ளத்துக்கு ஒன்று எனப் பொருளுக்கு இரண்டு வண்ணப் படங்கள் வைத்தாலே, ஒரு வரவேற்பறைக் காட்சியில் உள்ள பதினாறு பொருள்கள் 8 ஜிபியை நிரப்பிவிடும். இதற்கு மேல் உருவங்களின் முக்கோணங்களும், ஒரு கதிர் எந்த முக்கோணத்தில் மோதும் என்பதை விரைவில் கண்டறிய அவற்றைப் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கிவைக்கும் ‘பிவிஎச்’ என்னும் அமைப்பும், மானிட்டரை இயக்க விண்டோஸ் எடுத்துக்கொள்ளும் பங்கும் சேர்கின்றன.

காட்சி அட்டையின் நினைவக எல்லையைத் தாண்டும்போது இரண்டில் ஒன்று நேர்கிறது: நினைவகம் போதவில்லை என்ற அறிவிப்புடன் ரெண்டர் நின்றுவிடலாம், அல்லது பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளின் சைக்கிள்ஸ் ரெண்டரர் என்விடியா அட்டைகளில் செய்வதுபோல, மிஞ்சியவை கணினியின் பொது ராமில் வைக்கப்பட்டு வேண்டும்போது எடுக்கப்படலாம். இரண்டாவது வழியில் வேலை நடக்கும், ஆனால் நடக்கும் வேகம் வேறு. 4060 டிஐ அட்டை, தன்னை மதர்போர்டுடன் இணைக்கும் பிசிஐஇ நான்காம் தலைமுறையின் எட்டு தடங்களை மட்டுமே பயன்படுத்துவதால், அந்த வழியே நொடிக்கு ஏறக்குறைய 16 ஜிபி மட்டுமே வந்துசேரும். இது அட்டையின் சொந்த நினைவகப் பாய்வில் பதினெட்டில் ஒரு பங்கு. மூன்றாம் தலைமுறைப் பழைய மதர்போர்டில் அதுவும் பாதியாகக் குறையும். 8 ஜிபி அட்டை இந்த நிலைக்குத் தள்ளப்படும் இடத்தில் 16 ஜிபி அட்டை தன் முழு வேகத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் என்பதால், கூடுதலான 100 டாலர் வாங்கித் தருவது வேகத்தை அல்ல, அந்த வேலையைச் செய்து முடிக்கும் தகுதியை.

599 டாலருக்கு வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 4070 அட்டையுடன் ஒப்பிடும்போதும் இதே வாதம் நிற்கிறது. 5888 கோர்கள் கொண்ட அது, காட்சி தன் 12 ஜிபிக்குள் அடங்கும்வரை தெளிவாக முந்தும். தயாரிப்புப் பொருள்களின் படம், லோகோ அசைவு, எளிய பாத்திர அசைவூட்டம் ஆகியவற்றையே செய்பவருக்கு அதுவே நல்ல தேர்வு. கட்டட உட்புறங்கள், அடர்ந்த காடுகள், புகை, நீர் என்று பணி விரியும்போதுதான் 16 ஜிபி மேலோங்குகிறது. இரண்டு அட்டைகளைப் பொருத்தினால் நினைவகம் கூடிவிடும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. உண்மையில் ஒவ்வொரு அட்டையும் காட்சியின் முழுப் பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்வதால் வேகம் கூடுமே தவிரக் கொள்ளளவு கூடாது. அட்டைகளின் நினைவகத்தை இணைக்க உதவிய என்விலிங்க் வசதியும் ஆர்டிஎக்ஸ் 3090 தலைமுறையுடன் ஜிபோர்ஸ் வரிசையிலிருந்து விடைபெற்றது.

4060 டிஐயின் குறைகளும் சிறியவை அல்ல. 16384 கோர்கள் கொண்ட 4090 அட்டையின் பக்கத்தில் வைத்தால் இதன் வேகம் மிகவும் அடக்கமானது. 128 பிட் அகல நினைவகப் பாதையும் குறுகியதே. 2025 ஏப்ரலில் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி, 429 டாலர் அறிமுக விலையில் நொடிக்கு 448 ஜிபி பாய்வைத் தருவதால், புதிதாக வாங்குபவர் பழையதைத் தேட வேண்டிய அவசியம் விலை நன்கு இறங்கியிருந்தால் மட்டுமே எழும். மறுபுறம் 4060 டிஐ 16 ஜிபி 165 வாட்டிலேயே இயங்குவதால், சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸும் காற்றோட்டமுள்ள கேபினெட்டும் போதும். 450 வாட் இழுக்கும் 4090, 575 வாட் இழுக்கும் 5090 ஆகியவற்றுக்கு எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ், அறையின் ஏசி என எல்லாவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கணினியின் மற்ற பாகங்களைத் தேர்வது, ரெண்டர் செய்யும் மென்பொருளான ரெண்டரரைப் பொறுத்தது. கட்டடக் காட்சிகளில் பெரிதும் பயன்படும் கொரோனா என்னும் ரெண்டரர், பிராசஸரில் மட்டுமே ரெண்டர் செய்வதால், அதை நம்பியிருப்பவர் கிராபிக்ஸ் அட்டைக்கான பணத்தை ரைசன் 9 7950எக்ஸ் போன்ற 16 கோர் பிராசஸரிலும் ராமிலும் போடுவதே முறை. சைக்கிள்ஸ், ரெட்ஷிஃப்ட் போன்ற ரெண்டரர்களில் அட்டையே உழைத்தாலும், உருவங்களைச் செதுக்குவதும் அவற்றை மாற்றியமைக்கும் மாடிஃபையர்களைக் கணக்கிடுவதும் பெரும்பாலும் பிராசஸரின் ஓரிரு கோர்களைச் சார்ந்தவை என்பதால், அங்கே கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம் முக்கியமாகிறது. அட்டைக்குப் போகுமுன் காட்சி பொது ராமில்தான் உருவாகிறது. ஆகவே அட்டையின் நினைவகத்தைப்போல் இருமடங்கு ராமேனும் இருப்பது நல்லது.

பணம் செலவழிக்குமுன் காட்சியை இளைக்கச் செய்யும் வழிகளும் உண்டு. பிளெண்டரில் ஒரு மரத்தை ஷிஃப்ட்+டி கொண்டு நகலெடுத்தால் அதன் முக்கோணங்களும் புதிதாகப் பெருகும். ஆல்ட்+டி கொண்டு நகலெடுத்தால் ஆயிரம் மரங்களும் ஒரே தரவைப் பகிர்ந்துகொள்ளும். தொலைவில் நிற்கும் பொருளுக்கு 8கே படம் வேண்டியதில்லை. 4கே படம் நான்கில் ஒரு பங்கு இடமே கேட்கும். 2025இல் ஆஸ்கர் வென்ற ‘ஃப்ளோ’ திரைப்படம், பாத் டிரேசிங்கை விட்டு, மிக விரைவாக இயங்கும், பிளெண்டரின் ஈவீ ரெண்டரரில் உருவானது என்பதும் நினைக்கத்தக்கது. கருவியின் தேவையை வேலைமுறையே தீர்மானிக்கிறது.

ஆகவே தேர்வின் வரிசை இவ்வாறு அமைவது நல்லது. கையிலுள்ள காட்சிகளுள் மிகக் கனமானதைத் திறந்து ரெண்டர் செய்து, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் அட்டையின் நினைவகப் பயன்பாடும் ராம் பயன்பாடும் எந்த உச்சத்தைத் தொடுகின்றன என்று பார்க்க வேண்டும். அட்டை நிரம்பி வழியாமல் 6 ஜிபியோடு நின்றால் 12 ஜிபி அட்டையின் வேகத்தையே வாங்கலாம். 10 ஜிபியைத் தாண்டினால் 16 ஜிபி அட்டையே குறைந்தபட்சம், அந்த வகையில் 4060 டிஐயும் அதன் வாரிசும் விலைக்கேற்ற அட்டைகளே. 16 ஜிபியையும் தாண்டினால் 24 ஜிபி கொண்ட 3090, 4090 முதல் 48 ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 6000 அடா வரை, செலவைத் தாங்கும் வருமானம் அந்தப் பணியிலிருந்து வருகிறதா என்று பார்த்து ஏறிச்செல்லலாம்.