பட்டியலின் மொழியும் தேடலின் எல்லையும்: திருப்பதி, சித்தூர் ஆய்வுப் பொருள்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

1. முன்னுரை

நூலகப் பட்டியலை ஒரு கருவியாக மட்டும் கருதுவதே ஆய்வுலக வழக்கம். ஆனால் ஒரு நூலின் தலைப்பை வேறோர் எழுத்துக்கு மாற்றி, அதன் பொருளை வேறொரு மொழியின் சில சொற்களில் அடக்கித் தரும் ஒவ்வொரு பதிவும் ஒரு மொழிபெயர்ப்பே ஆகும். ஆகவே அது மொழியியலார், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரின் திறனாய்வுக்கு உரியது. கல்லூரி நூலகங்களின் இணையவழித் தேடல், தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் ஒரு பகுதியின் ஆய்வுக்கு எந்த அளவு துணை செய்கிறது, எங்கே வழி மறிக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. களம்

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகக் குறிப்பது வேங்கடம். திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகளுள் பெரும்பகுதி தமிழில் அமைந்தவை. சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலியோர் பதிப்பித்த இக்கல்வெட்டுத் தொகுதிகளைத் தேவஸ்தானம் 1931 முதல் வெளியிட்டது. இன்று அவற்றைச் சூழ்ந்துள்ள கல்வி நிறுவனங்கள், 1954இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் உட்பட, தெலுங்குச் சூழலில் இயங்குபவை. தமிழ் மூலம், தெலுங்குச் சூழல், ஆங்கிலப் பட்டியல் என்னும் மும்மொழி நிலையே இங்குத் தேடலின் அடிப்படைச் சிக்கல்.

3. எழுத்துப்பெயர்ப்பு

ஊர்ப்பெயரிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. தமிழில் ‘திருப்பதி’ ஒற்று மிகுந்து வருகிறது. தெலுங்கில் ஒற்று மிகாது. தமிழில் ‘திருமலை’, தெலுங்கில் ‘திருமல’. தமிழில் ‘சித்தூர்’, தெலுங்கில் ‘சித்தூரு’. இவற்றை ரோமன் எழுத்தில் தருவோர் தகரத்தை ஓரெழுத்தாலும் ஈரெழுத்தாலும் எழுதுகின்றனர். எனவே ஒரே ஊர் நான்கைந்து வடிவங்களில் பட்டியலில் இடம்பெறக்கூடும். எழுத்துகளை மட்டுமே ஒப்பிடும் கருவிக்கு இவை வெவ்வேறு ஊர்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) பின்பற்றிய முறையும் அதனையொட்டிய நூலக முறைகளும் எழுத்துக்கு எழுத்து மாற்றுபவை. அம்முறையில் தமிழ்ச் சகரத்துக்குரிய ரோமன் எழுத்து, ஆங்கில அரிச்சுவடியின் மூன்றாம் எழுத்தாகும். திருமலைக் கோயிலுக்கு வெள்ளித் திருமேனி அளித்த சாமவையின் பெயரை ஒலிப்பின்படி, ஆங்கிலச் சகர ஒலிக்குரிய எழுத்தையிட்டுத் தேடும் மாணவர், அம்முறையில் அமைந்த பதிவை அடைவதில்லை. ‘ஆழ்வார்’ என்னும் சொல்லின் நிலை இதனினும் சிக்கலானது. தெலுங்கு வழியாக வரும்போது ழகரம் ளகரமாகிறது. ஆங்கில நாளிதழ் வழக்கில் அது ஈரெழுத்தாகவோ வெறும் லகரமாகவோ நிற்கிறது.

மேற்குறி, கீழ்க்குறிகளைப் புறக்கணித்துத் தேடும் மென்பொருள்கள் இதற்குத் தீர்வாகக் கூறப்படுகின்றன. அவற்றால் கிடைப்பவை பெருகும் என்பது உண்மையே. ஆனால் வாழை, வாளை, வாலை மூன்றும் ஒன்றாகிவிடும். மரமும் மறமும் வேறுபடா. பரப்பு கூடும்போது துல்லியம் குறைகிறது.

இங்கு ஒரு முரண் நோக்கத்தக்கது. ‘வேங்கடம்’ என்பதைத் தமிழர் ககரத்தையும் டகரத்தையும் மெலிந்த ஒலியுடன் ஒலிக்கின்றனர்; தெலுங்கில் அவை வல்லொலிகளாகவே நிற்கின்றன. ஒலிப்பின்படி எழுதினால் இரண்டும் பிரிகின்றன. எழுத்தின்படி மாற்றினால் ஏறத்தாழ ஒன்றுபடுகின்றன. ஆகவே செயற்கையானது என்று மாணவர் ஒதுக்கும் எழுத்துப்பெயர்ப்பு முறையே இவ்விடத்தில் இரு மொழிகளையும் இணைக்கிறது.

4. குறியேற்றம்

பதிவுகளைத் தமிழ் எழுத்திலேயே தந்துவிட்டால் இடர் தீரும் என்பர் சிலர். 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவது கணினிக்கு ஒன்றாக இருப்பதில்லை. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் ஏற்றலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் ஏற்றலாம். ‘ஸ்ரீ’ என்பதைச் சகர வகையின் இரு வேறு எழுத்துகளைக் கொண்டு அமைக்க இயலும். அவற்றுள் ஒன்று 2005இல்தான் யூனிகோடில் சேர்ந்தது. ஸ்ரீ என்று தொடங்கும் பெயர்கள் நிறைந்த திருப்பதி பற்றிய பட்டியலில் இது சிறு குறையன்று. வடிவங்களை ஒருமைப்படுத்தாத கருவி, திரையில் தெரியும் சொல்லையே ‘இல்லை’ என்று கூறிவிடும்.

5. சொல்லும் சந்தியும்

தமிழ்ச் சொல் வேற்றுமை ஏற்கும்போது வடிவம் மாறுகிறது. தொடரில் ஒற்று மிகுகிறது. ‘கல்வெட்டு’ எனத் தேடுவோர்க்கு, முழுச்சொல் ஒப்பிடும் கருவி ‘கல்வெட்டுச் சொற்கள்’ என்னும் தலைப்பைத் தருவதில்லை. ஈற்றைத் துணித்துத் தேடுதல் ஓரளவே உதவும். ‘மரம்’, ‘மரத்து’ இரண்டையும் பெற ‘மர’ என்று துணித்தால் ‘மரபு’ம் உடன்வரும். உருபனியல் பகுப்பாய்வு இல்லாத தேடல் தமிழுக்குப் போதுமானதன்று.

6. பொருட்டலைப்பும் இடப்பெயரும்

திருப்பதிக் கல்வெட்டுகளில் அப்பப்படி, அதிரசப்படி போன்ற படையற் பெயர்கள் பயில்கின்றன. மொழிபெயர்ப்பாளருக்கு இவற்றின் நுண்வேறுபாடே முதன்மையானது. ஆனால் உணவுப் படையல், கோயில் நிருவாகம், கல்வெட்டியல் போன்ற பொதுத் தலைப்புகளின்கீழ் ஆங்கிலத்தில் அடக்கப்படும்போது இச்சொற்கள் தேடலுக்கு எட்டாதவையாகின்றன. மூலச்சொல்லைத் துறந்த மொழிபெயர்ப்பின் குறை இது.

இடப்பெயர்த் தலைப்புகளிலும் வரலாறு குறுக்கிடுகிறது. சித்தூர் மாவட்டம் 1911இல் அமைந்தது. அதற்கு முந்தைய ஆவணங்களில் திருப்பதி வட ஆற்காட்டின்கீழ் வரும். 1953 வரை அது சென்னை மாநிலம், பின்னர் ஆந்திரம், 1956 முதல் ஆந்திரப் பிரதேசம். திருத்தணி 1960இல் தமிழகப் பகுதியுடன் இணைந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ‘திருப்பதி மாவட்டம்’ என்று மட்டும் தேடுவோர் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட எழுத்துகளை இழப்பர்.

7. மதிப்பீடு

அட்டைப் பட்டியலிலும் இக்குறைகள் பல இருந்தன என்பதை மறுத்தற்கில்லை. ஆனால் அங்குத் தேடும் அட்டைக்கு முன்னும் பின்னும் இருந்தவை கண்ணிற்பட்டன. பிழையாக எழுதிய பெயரும் அண்மையில் நின்றது. கட்டத்துள் ஒரு சொல்லை இட்டுத் தேடும் முறை அந்த அண்மையை நீக்கிவிட்டது. வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று. இணையவழிப் பட்டியல் நேரத்தைக் காக்கிறது; அதே வேளையில், கிடைக்காததை இல்லாததாகக் காட்டியும் விடுகிறது.

இதன் விளைவு ஆய்வேடுகளில் புலப்படும். ‘இப்பொருள் குறித்து இதுவரை ஆய்வு நிகழவில்லை’ என்னும் கூற்று பலபோது ஒரே எழுத்துக்கூட்டலில் செய்த ஒரே தேடலின் முடிவாக அமையக்கூடும். பல்கலைக்கழக மானியக்குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறை ஆய்வேடுகளை மின்வடிவில் அளிக்கச் செய்தது. அவற்றை இன்ஃபிலிப்நெட்டின் ஷோத்கங்காத் தளம் திரட்டுகிறது. அங்கும் தமிழ்க் கல்வெட்டு பற்றித் தெலுங்கில் எழுந்த ஆய்வைத் தமிழ்ச்சொல்லால் தேடும் மாணவர் காண்பது அரிது. தெலுங்கு மாணவர்க்கும் அவ்வாறே. எல்லைப் பகுதியின் இரு ஆய்வு மரபுகள் ஒன்றையொன்று அறியாமல் வளர்வதே உண்மையான இழப்பு.

8. முடிவுரை

செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, தமிழ், தெலுங்கு, ரோமன் வடிவங்களை ஒரே பெயரின்கீழ்த் தொகுக்கும் பெயர் ஆட்சிக் கோப்பு. இது நூலகர் தனித்துச் செய்யக்கூடியதன்று. ஒலியனியலும் ஊர்ப்பெயராய்வும் அறிந்த மொழியியலாரின் பணி. திராவிட மொழிகளுக்கென 1997இல் சித்தூர் மாவட்டக் குப்பத்தில் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் இதற்கு ஏற்ற இடம். இரண்டாவது, பதிவுகளில் ஆங்கிலத் தலைப்புடன் மூலக் கலைச்சொல்லையும் மூல எழுத்திலேயே சேர்த்தல். மூன்றாவது, எந்தப் பட்டியலில், எந்த வடிவங்களில், எந்நாளில் தேடப்பட்டது என்பதை ஆய்வேட்டில் குறித்தல். ‘இல்லை’ என்னும் விடையின் மதிப்பு, அவ்விடையைப் பெற்ற வினாவின் செம்மையைப் பொறுத்தது. அவ்வினாவை மூன்று மொழிகளிலும் கேட்கக் கற்பித்தல் ஆய்வுநெறிப் பாடத்தின் ஒரு பகுதியாக வேண்டும்.