இழை பிணையும் இடம்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஆரணியில் தறிச் சத்தம் குறைந்துவிடும். குழித்தறியின் குழியில் ஈரம் ஊறும். தெருவில் பாவு நீட்ட வழியிருக்காது. பட்டு ஈரத்தை இழுத்துக்கொள்ளும் நூல். மழை நாளில் அது கைக்கு அடங்காது. சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றுவட்டாரத்து நெசவு ஊர்களில் எல்லாம் இதே கதைதான். அதே நாட்களில், மழை விட்ட காலை வேளைகளில், வீட்டுப் புழக்கடையில் வேறொரு நெசவு மும்முரமாக நடக்கிறது. கறிவேப்பிலையில், அரளியில், மாமரத்தில், துளசி மாடத்துக்கும் மதில் சுவருக்கும் நடுவில் இழை ஓடிக்கொண்டிருக்கிறது. பழந்தமிழர் கூதிர் என்று வகுத்த ஐப்பசியும் கார்த்திகையும், சிற்றுயிர்களைப் படம் எடுப்பவர்களுக்கு அறுவடைக் காலம்.

பட்டு என்றதும் மல்பெரி இலை தின்னும் புழு ஒன்றுதான் நம் நினைவுக்கு வருகிறது. தர்மபுரியிலும் ராமநகரத்திலும் சந்தைக்கு வரும் அதன் கூடு ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு அறுபடாத இழை இருக்கிறது. ஆனால் பட்டு நூற்பது அந்தப் புழுவின் தனிச்சொத்து அல்ல. சிலந்தி நூற்கிறது, எறும்பின் புழு நூற்கிறது, வண்ணத்துப்பூச்சியின் புழு நூற்கிறது. நம் தோட்டத்தில் பாதிப் பேர் ஏதோ ஒரு பருவத்தில் நெசவாளிகள்தான்.

சேலை எடுக்க வருபவர் முதலில் முந்தியை விரித்துப் பூவேலையைப் பார்ப்பார். நெய்யத் தெரிந்தவரின் கண், கரையும் உடலும் சேரும் கோர்வைக்குப் போகும். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு என்று மூன்று நாடா ஓட்டி நெய்யும் சேலையில், நிறம் மாறும் இடத்தில் ஒவ்வொரு முறையும் இழையை இழை பற்றிக்கொள்ள வேண்டும். ஒரு பாவு தீர்ந்து அடுத்த பாவு ஏறும்போதும் அப்படித்தான். பழைய இழையின் நுனியோடு புது இழையின் நுனியை ஆயிரக்கணக்கில் ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பார்கள். துணியின் உறுதி அந்தப் பிணைப்பில் இருக்கிறது. சிற்றுயிர்ப் படத்துக்கும் இந்தக் கண்தான் வேண்டும் என்பது என் கட்சி. பூச்சியின் நிறமும் கண்ணும் பாதி அழகு. அது தன்னை இலையோடும் கிளையோடும் எப்படிப் பிணைத்துக்கொண்டிருக்கிறது என்பது மீதிப் பாதி. பெரும்பாலான படங்களில் விட்டுப்போவது இந்த மீதிப் பாதிதான்.

விட்டுப்போவதற்குக் காரணம் இருக்கிறது. பூச்சியின் உயிரளவுக்கே உருவத்தைப் பதிக்கும் மேக்ரோ லென்ஸில், துளையை எஃப் 11 வரை சுருக்கினாலும் துல்லியமாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் கலங்கிவிடும். அதனால் கண்ணைக் குறிவை, மற்றது எப்படியோ போகட்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். கண் துல்லியமாக விழுந்த படம் உயிரோட்டமாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் கையிலிருக்கும் அந்த ஒரு மில்லிமீட்டரைக் கேமராவைச் சற்றே திருப்பிப் பிணைப்பின் மேல் செலவழித்தால், அந்தப் பூச்சி என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது படத்துக்குள் வந்துவிடும்.

இழை தெரிய எதிர் வெளிச்சம் வேண்டும். சிலந்தி இழை தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் அது இருப்பதே தெரியாது. காலை ஏழு மணி வாக்கில் சாய்ந்து வரும் வெயில் இழையின் பின்புறத்திலிருந்து பட, அதற்கும் பின்னால் நிழலடித்த மூலை ஒன்று அமைய வேண்டும். அப்போது ஒவ்வோர் இழையும் தனித்தனியாகச் சுடர்விடும். முன்னாலிருந்து நேராக பிளாஷ் அடித்தால் எல்லாம் போச்சு.

இந்த வெளிச்சத்தில் முதலில் சிக்குவது கையெழுத்துச் சிலந்தி. மழைக்காலத்தில் செடிகளுக்கு நடுவில் வட்ட வலை கட்டி, எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி போட்டுத் தலைகீழாக உட்கார்ந்திருக்கும். கால்கள் நீளும் திசையிலேயே வெள்ளைப் பட்டில் வளைந்து வளைந்து ஒரு பட்டை நெய்திருக்கும். அந்தப் பட்டை இரையை இழுக்கவா, பறவையை விரட்டவா, உருவத்தை மறைக்கவா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். படம் எடுப்பவர் கவனிக்க வேண்டியது வலையின் இரண்டு வகை இழைகளை. நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் ஆரங்களில் பசை கிடையாது. சிலந்தி நடமாடும் வழி அது. அவற்றின் குறுக்கே சுற்றிச் சுற்றி வரும் இழையில்தான் பசை. உருப்பெருக்கத்தைக் கூட்டினால் அந்தப் பசை ஒரே பூச்சாக இல்லாமல், சம இடைவெளி விட்டு உருண்ட துளிகளாக நிற்பது தெரியும். பாவில் ஊடை சேரும் புள்ளி போலவே, ஆரத்தில் சுற்றிழை ஒட்டும் ஒவ்வொரு புள்ளியும் தனியாக வைத்துப் பொருத்தப்பட்டது.

இந்த இழையை மனிதர் நெய்து பார்த்ததும் உண்டு. மடகாஸ்கரில் பொன்னிற இழை நூற்கும் சிலந்திகளைப் பிடித்து, இழையை உருவிக்கொண்டு, திரும்பக் காட்டில் விட்டார்கள். அப்படிச் சேர்த்த நூலில் நெய்த மேலாடை 2012இல் லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தது. அந்த ஓர் ஆடைக்கு இழை கொடுத்த சிலந்திகள் சுமார் 12 லட்சம். தோட்டத்துத் தேன்சிட்டு இவ்வளவு பாடுபடுவதில்லை. பழைய வலையை அலகில் சுருட்டி வந்து, நாரையும் பட்டைத் துணுக்கையும் அதனால் கட்டித் தொங்குகூடு அமைத்துவிடுகிறது.

மாமரத்தில் முசுறு கூடு கட்டினால் திட்டிக்கொண்டே விலகிப்போகிறோம். கடிக்கும், கடித்த இடத்தில் அமிலத்தையும் பீய்ச்சும். ஆனால் நெசவின் முழு இலக்கணமும் அங்கேதான் இருக்கிறது. முதலில் வேலைக்கார எறும்புகள் வரிசையாக நின்று ஓர் இலையின் விளிம்பைத் தாடையாலும் அடுத்த இலையின் விளிம்பைக் காலாலும் பிடித்து இழுக்கும். இடைவெளி அதிகமென்றால் ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாகும். விளிம்புகள் நெருங்கியதும் வேறு எறும்புகள் கூட்டிலிருந்து புழுக்களை வாயில் தூக்கிக்கொண்டு வரும். வளர்ந்த எறும்புக்குப் பட்டு சுரக்காது, புழுவுக்குத்தான் சுரக்கும். புழுவின் தலையை இந்த விளிம்பில் ஒரு தொடு, அந்த விளிம்பில் ஒரு தொடு என்று மாற்றி மாற்றி வைக்கும்போது நடுவில் இழை ஓடி வெள்ளைத் துணி படரும். நாடாவுக்கு உயிர் இருந்து, நூலையும் அதுவே சுரந்தால் எப்படியோ அப்படி. பட்டையெல்லாம் இலைக்குக் கொடுத்துவிடுவதால் இந்தப் புழு தனக்கென்று கூடு சுற்றிக்கொள்வதில்லை. தென் சீனத்து ஆரஞ்சுத் தோட்டங்களில் பூச்சியைக் கட்டுப்படுத்த இந்தக் கூடுகளைக் கிளையோடு சந்தையில் விற்றார்கள் என்ற செய்தி, கி.பி. 304ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் சீனத் தாவர நூலில் இருக்கிறது. படத்துக்கு நிற்க வேண்டிய இடம் கூட்டின் முகப்பு அல்ல, இரண்டு இலை சேரும் தையல். இலையின் பச்சை முடிந்து வெள்ளை தொடங்கும் ஓரத்தில் இழைகள் எந்தத் திசையில் போயிருக்கின்றன என்று பார்த்தாலே, புழு எப்படி அசைக்கப்பட்டது என்று படித்துவிடலாம்.

கறிவேப்பிலைச் செடிக்கு வருவோம். எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும் முட்டையிடும் செடி இது. இளம்புழு பறவை எச்சம் போலக் கிடந்து ஏமாற்றும். வளர்ந்தபின் இலைப் பச்சைக்கு மாறும். தின்று முடித்த புழு, குச்சியில் சிறு பட்டுத் திட்டு நூற்று அதில் பின்கால்களை மாட்டிக்கொள்ளும். அடுத்தது இடுப்புக் கயிறு. தலையை இடமும் வலமுமாக ஆட்டி, குச்சியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இழைமேல் இழையாக ஒரு வளையம் போடும். முன்கால்களில் அதைத் தாங்கிக்கொண்டு, போதிய புரி சேர்ந்ததும் தலையைக் கீழே விட்டு வளையத்துக்குள் நுழைந்து முதுகைச் சாய்த்துக்கொள்ளும். பின்னர் அந்த வளையத்துக்குள் இருந்தபடியே தோலை உரித்துக் கூட்டுப்புழு ஆகும். பக்கவாட்டிலிருந்து, குச்சியும் உடலும் கயிறும் ஒரே தளத்தில் வரும்படி எடுக்க வேண்டிய படம் இது. கயிறு குச்சியில் இறங்கும் இடத்தில் ஒற்றை இழையாக இருக்காது. விரிந்து பரவிப் பிடித்திருக்கும். கனத்தைத் தாங்குவது அந்த விரிவுதான்.

அரளி இலையின் அடியில் வேறு மாதிரி. வெண்புள்ளிக் கருப்பனின் கூட்டுப்புழுவுக்கு இடுப்புக் கயிறு கிடையாது. வாலை மேலே மாட்டித் தலைகீழாகத் தொங்கும். தோலை உரிக்கும்போது ஒரு வித்தை காட்ட வேண்டும். இதுவரை பிடித்திருந்த கால்கள் தோலோடு கழன்றுவிடும். உரியும் தோலையே உடல் மடிப்பில் இடுக்கிக்கொண்டு தொங்கி, புது வால்நுனியை வெளியே எடுத்து, அதிலுள்ள நுண்கொக்கிகளைப் பட்டுத் திட்டில் துழாவி மாட்ட வேண்டும். தவறினால் தரை. மாட்டியபின் ஓரிரு நாளில் கூடு வெள்ளியும் பொன்னுமாகப் பளபளக்கத் தொடங்கும். நம் ஜரிகையில் பட்டிழை மேல் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன்முலாம் ஏற்றுகிறார்கள். இங்கே உலோகம் துளியும் இல்லை. கூட்டின் மேலோட்டில் அடுக்கடுக்காக அமைந்த மெல்லிய ஏடுகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வரும் மினுக்கம் அது. பூச்சி வெளியேறியதும் பொன்னும் போய்விடும். எஞ்சுவது நிறமற்ற வெறும் ஓடு.

இதைப் படம் எடுப்பது சிரமம். கூடு கண்ணாடியாக நடந்துகொண்டு நம் சட்டை, கை, வானம் எல்லாவற்றையும் திருப்பிக் காட்டும். மெல்லிய வெள்ளைத் துணியையோ தாளையோ நடுவில் பிடித்து வெளிச்சத்தைப் பரப்பினால் பளபளப்பு அடங்கி உருவம் கிடைக்கும். பொன்னில் மயங்கிக் கூட்டை மட்டும் கட்டம் கட்டி எடுப்பவர்கள் அதிகம். மேலே கறுத்த காம்பும் அது பட்டில் பதியும் புள்ளியும் சட்டத்துக்குள் இருந்தால்தான், இத்தனை பகட்டும் எதன் பலத்தில் தொங்குகிறது என்று தெரியும்.

துல்லியத்தில் உச்சம் தொட்டவர் என்று ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லெவன் பிஸ்ஸைச் சொல்லலாம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பூச்சிகளை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 8,000 படங்களைச் சேர்த்து உருவாக்கி, 2016இல் ஆள் உயரத்துக்கும் மேலாகக் காட்சிக்கு வைத்தார். ஒவ்வொரு மயிரும் குழியும் எண்ணலாம் போலிருக்கும். ஆனால் அவை ஊசியில் குத்திப் பாதுகாத்த உடல்கள். சுற்றிலும் கருமை, இலை இல்லை, குச்சி இல்லை, இழை இல்லை. அது உடலின் நயம். கைபேசியில் சிறு லென்ஸைக் கவ்வவிட்டுக் கறிவேப்பிலைச் செடியருகே குந்தியிருப்பவருக்கு அவ்வளவு துல்லியம் வாய்க்காது. அவருக்கு வாய்ப்பது பிணைப்பின் நயம்.

அதனால்தான் கிளையை ஒடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதும், கூட்டைக் காம்போடு கிள்ளி நல்ல இலையில் ஒட்டுவதும், பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து எடுப்பதும் எனக்கு ஏற்பில்லை. உயிருக்குச் செய்யும் கேடு முதல் குற்றம். படத்துக்கும் அது கேடுதான்: பார்க்க வந்த பிணைப்பை நம் கையாலேயே அறுத்துவிட்டு, மிச்சத்தை அழகாக எடுத்து என்ன பயன்? வெளிச்சம் சரியில்லை என்றால் தாளை நகர்த்தலாம், நாம் நகரலாம், மறுநாள் காலை வரலாம். இழையைத் தொடாமல் எடுத்த படம் சற்றுக் கலங்கலாக இருந்தாலும் அதைத்தான் வைத்துக்கொள்வேன்.