எந்தப் புத்தகத்துச் சுரம்?

கிரகோரியன் பாடல்களை இணையத் தொகுப்பில் ஏற்றுவோர் பலரும் முதலடி, விழா நாள், எட்டு முறைகளுள் எது என்ற மூன்றையும் குறித்தால் போதும் என்று எண்ணுகிறார்கள். போதாது. எந்தப் புத்தகத்துச் சுரம் என்று தெரியாமல் நம்பிப் பாட முடியாது.

ரேகன்ஸ்பூர்க் நகரத்துப் பூஸ்டெட் பதிப்பகம் உரோமையிடம் 30 ஆண்டுத் தனியுரிமை பெற்று அச்சிட்ட நூல்கள் 1614-15இல் வந்த மெடிச்சிப் பதிப்பை ஒட்டியவை. நீண்ட சுரக்கோவைகளை அதில் கத்தரித்திருந்தார்கள். பிரான்சின் சொலேம் மடத்து ஆசீர்வாதப்பர் சபைத் துறவியருக்கு அது ஒப்பவில்லை. அவர்களுள் போத்தியே பழஞ்சுவடிகளை ஒப்பிட்டு 1883இல் தம் நூலைக் கொணர்ந்தார். அதே மடத்து மொக்ரோ 1889 முதல் சுவடிகளின் நிழற்படங்களையே அச்சிட்டார். எந்தச் சுரம் சரி என்ற வழக்கைத் தீர்த்தவை அந்தப் படங்கள்தாம் என்பேன். பத்தாம் பத்திநாதர் காலத்தில், 1908இல், வத்திக்கான் பதிப்பு வந்தது.

அதற்குப் பின்னும் ஒற்றுமை வரவில்லை. மொக்ரோ வழியினர் வத்திக்கான் சுரங்களோடு புள்ளியும் கோடும் சேர்த்து நீட்டம் காட்டினர். பின்னாளில் அதே மடத்துக் கார்டீன் வழியினர் 10ஆம் நூற்றாண்டுக் குறிகளுக்கே போனார்கள். 1979இல் வெளிவந்த 'கிராதுவாலே திரிப்ளெக்ஸ்' நூலில் நான்கு கோடுகளுக்கு மேலே லான் சுவடியின் குறி கறுப்பில். கீழே சாங்க்ட் காலன் மரபுக் குறி சிவப்பில். எடுத்துக்காட்டாக, கிறிஸ்து பிறப்பு விழாப் பகல் திருப்பலியின் வருகைப் பல்லவி ஏழாம் முறையில் அமைந்தது. முதற்சொல்லிலேயே நம் சட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்குத் தாவுவதுபோல் ஒரு தாவல். தாவலில் சச்சரவில்லை, தாவிய இடத்தில் எவ்வளவு நிற்பது என்பதற்குத்தான் இத்தனை குறிகளும்.

இனி இணையத் தொகுப்புகள். 1987இல் வாஷிங்டனின் அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கேண்டஸ் தரவுத்தளம் பாடலுக்குப் பாடல் அடையாள எண் தருகிறது. சுரத்தை வோல்பியானோ எழுத்துருவில் பதிகிறது. அதில் சுரத்தின் உயரம் தெரியும், நீட்டம் தெரியாது. ஆய்வாளருக்கு அது போதும். பாடகர் குழுவுக்கு உதவுவது ஜிஏபிசி முறை: அசையைத் தட்டி, அடைப்புக்குறிக்குள் ஆங்கில எழுத்தால் சுரத்தைத் தட்டினால் சதுரச் சுரங்கள் அச்சாகிவிடும். சொலேம் புள்ளிக்கு ஒரு முற்றுப்புள்ளி, கோட்டுக்கு ஓர் அடிக்கோடு, அவ்வளவே. ஆபத்தும் இங்கேதான். மொக்ரோ சேர்த்ததும் சுவடியில் இருந்ததும் ஒரே வரியில் கலந்துவிட்டால் பிறகு பிரிப்பார் இல்லை. புத்தகத்தையும் பக்க எண்ணையும் சேர்த்தே பதியும் கிரிகோபேஸ் தளம் இதில் நல்ல முன்மாதிரி.

பழைய கோவில் அலமாரியில் இத்தகைய நூல் கிடைத்து, அதை ஏற்ற முனைவோர் முகப்புப் பக்கத்தையும் படமெடுங்கள். பதிப்பும் ஆண்டும் முதலில், சுரம் அடுத்து.